கண்ணில் கம்பி குத்திய காயம்: தையல் அன்றிரவே போட்டார்கள், இரண்டாவது அறுவைக்கு ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

பட்டறைத்தெரு:

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 26 வயது. பட்டறையில் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்த இரும்புக் கம்பி அறுந்து, அதன் முனை இடது கண்ணில் குத்திவிட்டது. கருவிழியில் தொடங்கிய கிழிசல் வெண்விழி வரை போயிருக்கிறது. மதியம் நடந்தது. அன்றிரவே அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துத் தையல் போட்டுவிட்டார்கள். சி.டி. ஸ்கேனில் கண்ணுக்குள் இரும்புத் துண்டு எதுவும் இல்லை என்றார்கள். ஆனால் உள்ளே முழுவதும் ரத்தம். விழித்திரையைப் பார்க்கவே முடியவில்லை. முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினால் ஆடுவது தெரிகிறது என்கிறான், அவ்வளவுதான்.

விட்ரெக்டமி என்ற இரண்டாவது அறுவை வேண்டும், ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பொறுத்துச் செய்யலாம் என்கிறார்கள். வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. கண்ணில் ரத்தம் கட்டிக்கிடக்கும்போது எதற்காகக் காத்திருக்க வேண்டும், நகையை அடகு வைத்தாவது இன்றே தனியார் மருத்துவமனைக்கு மாற்றுவோம் என்று பெரியப்பா பிடிவாதமாக இருக்கிறார். இந்தக் காத்திருப்பு சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேட்டுக் கடலோடி:

படகு பழுதுபார்க்கும் இடத்தில் எங்களோடு வேலை செய்த ஒருவருக்கு உளிச் சில்லு கண்ணுக்குள் போனது. அவரை ஒரு நாள்கூட வைத்திருக்கவில்லை. தையல் போட்ட கையோடு சில்லையும் எடுத்துவிட்டார்கள். இன்று அவர் பழையபடி வேலைக்கு வருகிறார். உங்கள் தம்பியை மட்டும் ஏன் பத்து நாள் படுக்க வைக்க வேண்டும்? பெரியப்பா சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

மாலைநேரச் செவிலி:

பட்டறைத்தெரு அண்ணா, இடம் மாற்றுவதைப் பிறகு பேசலாம். முதலில் சில விஷயங்களைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டார்களா? ஆன்டிபயாடிக் போகிறதா? கண்ணின் மேல் கெட்டியான மூடி வைத்திருக்கிறார்களா? வெறும் பஞ்சு வைத்து அழுத்திக் கட்டியிருந்தால் உடனே கேளுங்கள். தூக்கத்தில் கை பட்டால்கூடத் தையலுக்கு ஆபத்து. இருமல், வாந்தி, மலச்சிக்கல் இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். முக்கினாலும் குமட்டினாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்.

இன்னொன்று மிக முக்கியம். குறைந்துகொண்டிருந்த வலி மறுபடி கூடுகிறதா, இமை புதிதாக வீங்குகிறதா, கண்ணில் மஞ்சளாகப் படிகிறதா, நேற்று தெரிந்த வெளிச்சம் இன்று தெரியவில்லையா, இவற்றைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வார்டு சுற்று வரை காத்திருக்கக் கூடாது. நடு இரவானாலும் பணியில் இருக்கும் மருத்துவரை எழுப்புங்கள்.

விழித்திரை:

நான் விழித்திரை அறுவை மருத்துவர். உங்கள் தம்பியின் கண்ணைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உங்களிடம் சொல்லப்பட்ட திட்டத்தின் பின்னே இருக்கும் காரணத்தை விளக்க முடியும். பெரியப்பாவுக்கும் படித்துக்காட்டுங்கள்.

கிழிந்த கண்ணுக்கு முதல் வேலை, கிழிசலை மூடுவது. அதைத் தள்ளிப்போட முடியாது. காயம் திறந்திருக்கும் வரை கிருமி உள்ளே போகும், உள்ளே இருப்பவை வெளியே பிதுங்கும். 24 மணி நேரத்துக்குள் மூடிவிட வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நெறி. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, 24 மணி நேரத்துக்குள் மூடிய கண்களில் சீழ்த்தொற்று குறைவாகவே வந்திருக்கிறது. தொற்று வந்துவிட்டால் சில கிருமிகள் கண்ணையே தின்றுவிடும். மண் படிந்த பொருள் குத்தினால் வரும் பேசில்லஸ் என்ற வகை, ஓரிரு நாளுக்குள் விழித்திரையை முற்றாக அழித்துவிடும். உங்கள் தம்பிக்கு அன்றிரவே மூடியிருக்கிறார்கள். அவசரமாகச் செய்ய வேண்டியது அவசரமாகவே நடந்திருக்கிறது.

அந்த அவசரத்திலும் ஓர் அளவு உண்டு. நள்ளிரவு 2 மணிக்குச் சோர்ந்த கையோடு போடும் தையலைவிட, காலை 7 மணிக்கு அனுபவமுள்ள குழு போடும் தையல் மேலானது என்றால் காலைக்காகக் காத்திருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். கருவிழிக்கு நாங்கள் பயன்படுத்தும் 10-0 நைலான் இழை தலைமுடியைவிட மெல்லியது. சரியாகப் போடாத தையல் ஒழுகும். ஒழுகும் கண்ணில் அடுத்த அறுவையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது.

இனி இரண்டாவது அறுவை. விட்ரியஸ் என்பது கண்ணுக்குள் நிறைந்திருக்கும் தெளிவான கூழ். இப்போது அதில் ரத்தம் கலந்துவிட்டது. அந்தக் கூழையும் ரத்தத்தையும் நுண்கருவியால் வெட்டி உறிஞ்சி எடுப்பதுதான் விட்ரெக்டமி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மயாமியில் ராபர்ட் மாகெமர் இந்த அறுவையை உருவாக்கினார். அதற்கு முன் இப்படிப்பட்ட கண்களில் பெரும்பாலானவை இருண்டேபோயின.

உடனே ஏன் செய்வதில்லை? முதல் சில நாட்களில் கண்ணின் ரத்த நாளங்கள் புடைத்திருக்கும், தொட்டால் மறுபடி ரத்தம் கொட்டும். கருவிழி வீங்கிப் புகைபடிந்தாற்போல் இருக்கும், அதன் வழியாகத்தான் நாங்கள் உள்ளே பார்க்க வேண்டும். அறுவையின்போது கண்ணுக்குள் நீர் செலுத்தி அழுத்தம் ஏற்றுவோம், புதுத் தையல் அதைத் தாங்க வேண்டும். விழித்திரைக்கு அடியிலும் ரத்தம் உறைந்திருந்தால், அந்தக் கட்டி கரைந்து வடிக்கக்கூடிய நிலைக்கு வர ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் உங்கள் தம்பியின் வயது. 26 வயதில் அந்தக் கூழ் விழித்திரையோடு இறுக ஒட்டியிருக்கும். சுவரில் புதிதாக ஒட்டிய சுவரொட்டியை இழுத்துக் கிழித்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வருவதுபோல, கூழை வலிந்து பிரித்தால் விழித்திரையும் கிழிந்து வரும். அடிபட்ட கண்ணில் ஒரு வாரம், பத்து நாள் போனால் அந்த ஒட்டுதல் பல நேரம் தானாகவே தளர்கிறது.

அதற்காக மாதக்கணக்கில் விடவும் முடியாது. காயத்தின் வழியாக உயிரணுக்கள் உள்ளே பரவி, ரத்தக் கட்டியைப் பற்றிக்கொண்டு தழும்பாகும். தழும்பு சுருங்கும்போது விழித்திரையை இழுத்துப் பிரிக்கும். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளியரி, ரையன் என்ற இருவர் குரங்குகளின் கண்களில் செய்த சோதனைகள் இதைக் காட்டின. காயத்தோடு ரத்தமும் சேர்ந்த கண்களில் விழித்திரை இழுபட்டுப் பிரிந்தது. இரண்டாவது வார முடிவில் விட்ரெக்டமி செய்தபோது அதைத் தடுக்க முடிந்தது. உங்களிடம் சொன்ன ஒரு வாரம், பத்து நாள் என்பது இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் இடைப்பட்ட காலம்.

கடலோடி அண்ணாவுக்கு: உங்கள் நண்பரின் கண்ணுக்குள் சில்லு தங்கியிருந்தது. அது வேறு கணக்கு. இரும்பு உள்ளே கிடந்தால் தொற்றுக்கும் இடம், நாள்பட்டால் துரு கரைந்து விழித்திரையை நஞ்சாக்கும். செம்பு இன்னும் கடுமையாக எரிச்சலூட்டும். அதனால் அதை முடிந்தவரை விரைவில் எடுத்துவிடுவோம். அதிலும் விதிவிலக்கு உண்டு. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயமடைந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குக் களத்துக்கு அருகிலேயே காயத்தை மூடி, ஆன்டிபயாடிக் கொடுத்து, ஊருக்கு அனுப்பிச் சில வாரங்கள் கழித்துத்தான் துண்டை எடுத்தார்கள். அப்படித் துண்டை எடுத்த கண்களைத் தொகுத்து வெளியிட்ட ஓர் ஆய்வில் ஒன்றில்கூடச் சீழ்த்தொற்று இல்லை. காயத்தை உடனே மூடியதும் மருந்தும்தான் அங்கே காப்பாற்றின.

எண்ணூர்க்காரி:

காத்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயா எளிதாகச் சொல்லிவிட்டார். எங்கள் அப்பாவுக்கு அந்தக் காத்திருப்பில்தான் கண் போனது. கருவேல முள் குத்தியது. பக்கத்திலிருந்த சிறிய கிளினிக்கில் கண்ணுக்குள் சரியாகப் பார்க்காமலேயே களிம்பு போட்டுக் கட்டி, நாலைந்து நாளில் ஆறிவிடும் என்று அனுப்பினார்கள். தெருவில் ஒருவர் தாய்ப்பால் விடச் சொன்னார், இன்னொருவர் விளக்கெண்ணெய் என்றார். அப்பா எதையும் விடவிடவில்லை, மருத்துவர் சொன்னபடியே இருந்தார். கண்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் சாலையில் எழும்பூர் கண் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே சீழ் வைத்துவிட்டது. காத்திருப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

விழித்திரை:

சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. அப்பாவுக்கு நடந்தது வேறு. அங்கே முதல் வேலையே நடக்கவில்லை, திறந்த காயத்தை மூடாமல் அனுப்பிவிட்டார்கள். முள், மரச்சிராய், ஓலை போன்றவை குத்தினால் பூஞ்சைத் தொற்றும் வரும், அது மெதுவாக வளர்ந்து ஏமாற்றும். அதனால் முள் குத்திய கண்ணைக் கண் மருத்துவர் கருவியில் வைத்துப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பவே கூடாது.

வடசென்னையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இன்னொன்று. இரும்பின் மேல் இரும்பால் அடிக்கும்போது தெறிக்கும் சில்லு ஊசிமுனை அளவு துளை வழியாக உள்ளே போய்விடும். வலி குறைவு, பார்வையும் அன்று நன்றாகவே இருக்கும். தூசி விழுந்தது என்று சொட்டு மருந்தோடு அனுப்பிவிடுவார்கள். “சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தேன்” என்று நோயாளி சொன்னால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். அதுவும் சி.டி. ஸ்கேன். இரும்பு உள்ளே இருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுத்தால் காந்தம் அந்தத் துண்டை நகர்த்திக் கண்ணைக் கிழித்துவிடலாம்.

மாலைநேரச் செவிலி:

எண்ணூர் அக்கா சொன்னதைப் படித்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்ணில் குத்துக்காயம் என்றால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். அமிலமோ சுண்ணாம்போ பட்டால்தான் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். களிம்பு, சொட்டு மருந்து, பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒரு பேப்பர் கப்பின் அடிப்பகுதியை வெட்டிக் கண்ணைத் தொடாதபடி எலும்பின் மேல் வைத்து ஒட்டுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து கொடுக்கத் தாமதமாகும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, பசிக்கிறது என்று வழியில் டீயும் பன்னும் கொடுத்து அழைத்துவருகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் அதனாலேயே தையல் பல மணி நேரம் தள்ளிப்போகிறது.

இளைய மருத்துவர்:

கண் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். மூத்தவரோடு ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பத்து நாள் என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு என்று இங்கே படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபெரென்ஸ் கூன் போன்ற கண்காய வல்லுநர்கள் விரைந்து அறுவையில் இறங்குவதற்காக வாதிடுகிறார்கள். தழும்பு உருவாகும் வேலை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது, அது வேரூன்றிய பிறகு போய்ப் போராடுவதைவிட வேரூன்றும் முன் ரத்தத்தையும் கூழையும் அகற்றிவிட வேண்டும் என்பது அந்தத் தரப்பு. இன்றைய கருவிகளும் மாகெமர் காலத்துக் கருவிகள் அல்ல. மிக நுண்ணிய துளை வழியாக, கண்ணின் அழுத்தத்தை நொடிக்கு நொடி கட்டுப்படுத்திக்கொண்டு வேலை செய்கிறோம். தற்காலிகச் செயற்கைக் கருவிழி பொருத்தி, மங்கிய கருவிழியையும் தாண்டிப் பார்க்க முடிகிறது. பத்து நாள் என்று சொன்ன பல காரணங்கள் பழைய கருவிகளின் காலத்தவை.

விழித்திரை:

நல்ல வாதம், மதிக்கிறேன். ஆனால் இரண்டு தரப்பும் கையில் வைத்திருக்கும் சான்றுகளில் பெரும்பகுதி, பழைய மருத்துவக் குறிப்பேடுகளைப் பின்னோக்கிப் புரட்டி எழுதியவை. மோசமாகச் சிதைந்த கண்ணை ஒரு மருத்துவர் உடனே அறுவைக்கு எடுப்பார், சற்றுத் தேறிய கண்ணை விட்டுவைப்பார். பிறகு விளைவை ஒப்பிட்டால் காலத்தின் பலனா, காயத்தின் கடுமையா என்று பிரித்துச் சொல்வது கடினம். செயற்கைக் கருவிழி வசதியும், வேண்டியபோது தானக் கருவிழியும், விரைந்து இறங்கிப் பழகிய கையும் உள்ள இடத்தில் நான்காம் நாள் செய்தாலும் நான் தவறென்று சொல்ல மாட்டேன். அவை இல்லாத இடத்தில் நான்காம் நாள் செய்வதுதான் எனக்குப் பயம்.

எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லாத இடங்களும் உண்டு. சீழ்த்தொற்று வந்தால் அன்றே. விழித்திரை பிரிந்துவிட்டதென்று தெரிந்தால் நாளைத் தள்ளாமல். முள், மரம், மண் படிந்த உலோகம் உள்ளே இருந்தால் உடனே. குழந்தைகளுக்குத் தழும்பு வேகமாக வளரும் என்பதால் காத்திருக்கும் நாட்களைக் குறைத்தே கணக்கிடுவோம்.

ஆகவே பட்டறைத்தெரு, நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: “காத்திருக்கும் நாட்களில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுப்பீர்கள்?” ரத்தம் மறைத்திருந்தாலும் அந்த ஸ்கேனில் விழித்திரை இருக்கும் இடம் தெரியும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பார்க்கிறோம் என்றால் உங்கள் தம்பி கண்காணிப்பில் இருக்கிறார். பத்து நாள் கழித்து வாருங்கள் என்று மட்டும் சொன்னால் அன்றே வேறு கருத்துக் கேளுங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டு தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. இரண்டாவது கருத்துக்கு நகை அடகு வைக்க வேண்டியதில்லை.

தொழிற்சங்கத் தோழர்:

பணப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். தம்பிக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா? இருந்தால் சிகிச்சையும், வேலைக்குப் போகாத நாட்களுக்கான உதவித்தொகையும் கிடைக்கும். சிறிய பட்டறை என்று முதலாளி பதிவு செய்யாமல் விட்டிருந்தால் வேலை விபத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, 1923இல் வந்த அது இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது. மற்ற கண் நன்றாக இருந்து ஒரு கண்ணின் பார்வை முழுவதும் போனால், சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்றும், கண்ணையே இழந்தால் 40 விழுக்காடு என்றும் அதன் அட்டவணை வகுத்திருக்கிறது. விபத்து வேலை நேரத்தில், வேலை இடத்தில் நடந்தது என்பது மருத்துவமனையின் முதல் பதிவிலேயே இருக்க வேண்டும். “வீட்டில் அடிபட்டது என்று சொல், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று முதலாளி கெஞ்சினாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் மருத்துவமனை அலுவலகத்தில் காட்டுங்கள்.

பட்டறைத்தெரு:

அனைவருக்கும் நன்றி. பெரியப்பாவுக்கு முழுவதையும் படித்துக்காட்டினேன். டெட்டனஸ் போட்டிருக்கிறார்கள், மூடியும் இருக்கிறது. ஸ்கேன் பற்றிக் கேட்டேன், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கிறார்களாம். பதிவேட்டில் பட்டறையில் நடந்த விபத்து என்றே இருக்கிறது.

இன்னொரு கவலை. அடிபட்ட கண்ணை எடுக்காமல் வைத்திருந்தால் நல்ல கண்ணும் போய்விடும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித் தம்பியை அழவைத்துவிட்டார். உண்மையா?

விழித்திரை:

அவர் சொல்வதற்கு அடிப்படை உண்டு, ஆனால் மிகவும் பெரிதாக்கிவிட்டார். ஒரு கண் கிழிந்தபின், உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே தவறாகத் திரும்பி மற்ற கண்ணையும் தாக்கும் நோய் ஒன்று இருக்கிறது. லூயி பிரெயில் 1812ஆம் ஆண்டில், மூன்று வயதில், தந்தையின் தோல் பட்டறையில் ஊசியால் ஒரு கண்ணில் குத்திக்கொண்டார். சில ஆண்டுகளில் அடுத்த கண்ணும் போனது. அன்று தையலும் இல்லை, ஸ்டீராய்டும் இல்லை. இன்று இந்த நோய் மிக அரிது, வந்தாலும் ஆரம்பத்திலேயே கண்டால் மருந்தால் கட்டுப்படுத்த முடிகிறது. துளியும் வெளிச்சம் தெரியாமல் சிதைந்துபோன கண்ணை மட்டும், இரண்டு வாரத்துக்குள் அகற்றுவது பற்றிப் பேசுவார்கள். அதையும்கூட முதல் நாளே செய்வதில்லை. முதலில் தைத்துத்தான் பார்ப்போம். வெளிச்சமே தெரியாதென்று எழுதிய சில கண்கள் பிறகு மீண்டிருக்கின்றன.

உங்கள் தம்பிக்குக் கையசைவு தெரிகிறது. காயத்தின் கடுமையை மதிப்பிட 2002இல் வகுத்த மதிப்பெண் முறையிலும், முதல் நாள் பார்வைக்கே அதிக எடை. அந்தக் கண்ணை எடுப்பது பற்றி இப்போது யாரும் பேசத் தேவையில்லை. நல்ல கண் கூசினாலோ, சிவந்தாலோ, மங்கினாலோ, வருடங்கள் கழித்து என்றாலும், உடனே காட்ட வேண்டும் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

பட்டறைத்தெரு:

இன்று காலை ஸ்கேனில் விழித்திரை ஓர் ஓரத்தில் பிரிந்து தூக்க ஆரம்பித்திருப்பதாகச் சொல்லி அறுவையை முன்னே கொண்டுவந்துவிட்டார்கள். நாளை காலை முதல் ஆளாக எடுக்கிறார்கள். பயமாக இருந்தாலும், ஏன் முன்னே வந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் என்னால் விளக்க முடிந்தது. முடிவில் கண்ணுக்குள் வாயுவோ சிலிகோன் எண்ணெயோ நிரப்புவார்களாம், எது என்பது உள்ளே பார்த்த பிறகுதான் தெரியுமாம். அத்தை ஏற்காட்டில் இருக்கிறார், ஓய்வுக்கு அங்கே அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

இளைய மருத்துவர்:

வாயு நிரப்பினால் அனுப்பாதீர்கள். மலை ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும், கண்ணின் அழுத்தம் தாறுமாறாக ஏறிப் பார்வையே போகலாம். விமானமும் கூடாது. வாயு முழுவதும் கரைய, வகையைப் பொறுத்து, சில வாரங்கள் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். அதுவரை வேறு எதற்காக மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தாலும் கண்ணில் வாயு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். எண்ணெய் என்றால் பயணத்துக்குத் தடை இல்லை, ஆனால் அதைச் சில மாதம் கழித்து எடுக்க இன்னோர் அறுவை வேண்டும். இரண்டிலும் குப்புறப் படுக்கச் சொல்வார்கள், எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணூர்க்காரி:

தம்பி பத்திரமாக வெளியே வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். குப்புறப் படுக்க நடுவில் துளை உள்ள தலையணை அப்பாவுக்கு வாங்கியது சும்மா கிடக்கிறது. எந்த வார்டு என்று தனிச்செய்தியில் சொன்னால் நாளை மாலை கொண்டுவந்து தருகிறேன்.